படல் திறந்திருந்த சனிக்கிழமைகள்

ஹோல்பாக் மேய்ச்சலின் மேல்படலைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது. மாடு வைத்திருப்பவர்கள் படலைச் சாத்தி வைப்பார்கள். அதற்குப் படிப்பு வேண்டாம், பெரிய மூளைகூட வேண்டாம். ஆனால் ஒட்டிலியா, ஒரு கோடை முழுக்க சீஸ் போட்டு ஒரு வட்டைக்கூடக் கெடவிடாத கெட்டிக்காரி, சனிக்கிழமை சாயங்காலமானால் போதும், அந்தப் படலை அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். மாடு மேலே ஏறிப் பாறைச்சரிவில் மாட்டிக்கொள்ளாதா என்று யாராவது கேட்டால், "என் மாடு, என் காலு. நான் போய்ப் பிடிச்சுக்கிறேன், நீ உன் ஆட்டைப் பாரு" என்பாள். மறுநாள் விடிந்ததும் அவள் புருஷன் காசியன் போய்க் கல்லை நகர்த்திப் படலைச் சாத்திவிட்டு வருவான். ஏன் திறந்தாய் என்று அவனும் கேட்டதில்லை, ஏன் சாத்தினாய் என்று அவளும் கேட்டதில்லை. கல்யாணமான முதல் கோடையிலிருந்து இப்படித்தான். இப்போது இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இதைக் கிழவியின் கிறுக்கு என்று நினைப்பார்கள். சுரங்கத்தில் ஆள் இருந்த வீட்டுக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

சுரங்கம் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் திங்கட்கிழமை ஹோல்பாக் வழியாக ஏறிப் போவார்கள், வாரம் முழுக்க அங்கேயே கொட்டகையில் படுத்து எழுந்து, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அதே வழியில் இறங்கி வருவார்கள். கூட்டமாக வர மாட்டார்கள். வயசுப் பையன்கள் முன்னால் ஓடிவருவார்கள், மூச்சிரைப்புக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வருவார்கள். கணவாயில் எப்போது மூடுபனி இறங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. மேய்ச்சலில் மாடு பார்க்கிற பெண் மோர்ப்பானையோடு படலில் நிற்பாள். வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கரண்டி மோர் ஊற்றி, "பின்னால ஆள் இருக்கா?" என்று கேட்பாள். "இருக்கு" என்றால் படல் திறந்தே இருக்கும். "நான்தான் கடைசி" என்று சொல்கிறவன் தன் கையால் சாத்திவிட்டுப் போவான். அதைச் சொல்ல ஆள் வராமல் இருட்டிக்கொண்டு வந்தால், கீழே சொல்லி அனுப்பி, நாலு பேர் கயிறும் கம்பளியுமாக மேலே ஏறுவார்கள். ஒருத்தன் மேலே இருக்கும்போது படலைச் சாத்துவது அவன்மேல் மண்ணைத் தள்ளுவதற்குச் சமம். விளையாட்டுக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒட்டிலியா கன்னிப்பெண்ணாக ஹோல்பாக்குக்கு மாடு பார்க்க வந்த நாட்களில், கடைசி ஆள் எப்போதும் விகில்தான். அவன் மூச்சிரைப்புக்காரன் இல்லை, நொண்டியும் இல்லை. கணக்குப் போட்டுப் பின்தங்குகிறவன். கடைசி ஆளுக்குப் பானையில் மிச்சமிருக்கிற மோர் அத்தனையும் சொந்தம். பின்னால் யாரும் இல்லாததால் படலில் சாய்ந்து நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், கேட்க ஆள் இல்லை. விகிலுக்குக் கை எவ்வளவு வேலை செய்யுமோ அதைவிட வாய் அதிகம் வேலை செய்யும்.

"மோர் மிச்சம் வச்சிருக்கியா, இல்ல காசியனுக்கே ஊத்திட்டியா?"

"கேட்டா ஊத்தியிருப்பேன். அவன் எங்க கேக்குறான். நீதான் பானையையே கேப்ப."

"எனக்குப் பானை எதுக்கு? பானைக்காரி போதும்."

"பானைக்காரி வாயில விழுந்தா உனக்குப் பல்லு தேறாது. சாத்து படலை."

இப்படிப் பேசிவிட்டு, அவன் வளைவு திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த வயதில் வேறென்ன வேண்டும்.

கடைசிக்கு முந்தின ஆளும் எப்போதும் ஒருத்தன்தான், காசியன். வருவான், கரண்டி மோரை நின்றபடி குடிப்பான், நீலப் பையின் வாரைச் சரிசெய்துகொள்வான். "பின்னால ஆள் இருக்கா?" என்றால் "இருக்கு" என்பான், போய்விடுவான். அவனுக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும் என்று ஒட்டிலியா மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கம்பெனி சுரங்கத்தை மூடப்போகிறது என்ற செய்தி வந்த கோடையில், விகில் படலின் மேல்கழியைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னான். "கடைசி சனிக்கிழமையும் நான்தான் கடைசி ஆளு. வருவேன், படலைச் சாத்துவேன், உன்னையும் கூட்டிட்டுக் கீழ போவேன். அப்புறம் இந்தப் படலு யாருக்கும் வேண்டாம்." அவன் அதைச் சிரிக்காமல் சொன்னான். சிரிக்காமல் அவன் சொன்னது அது ஒன்றுதான் என்பதால் ஒட்டிலியா நம்பினாள்.

அந்தச் சனிக்கிழமை ஆட்கள் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். ஒருத்தன் கொட்டகைச் சுவரில் இருந்த சுரங்கத்தாரைக் காக்கும் புனித பார்பராவின் சுரூபத்தைக் கம்பளியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வந்தான். எல்லாரும் மோர் குடித்தார்கள், எல்லாரும் "இருக்கு" என்றார்கள். கடைசியில் காசியன் வந்தான். அன்றைக்கு மட்டும் அவன் மோரைத் தொடவில்லை.

"பின்னால ஆள் இருக்கா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "இருக்கு" என்றான். போய்விட்டான்.

யாரும் வரவில்லை. கயிறு கட்டிக்கொண்டு மேலே போனவர்கள் மறுநாள் வெறுங்கையோடு வந்தார்கள். விகில் கணவாய்வரை வந்துவிட்டு, திரும்பி அந்தப் பக்கமே இறங்கி, கம்பெனி லாரியில் ஏறிப் போயிருந்தான். சுவிட்சர்லாந்தில் மலையைக் குடைந்து ரயில்பாதை போடும் வேலை என்றார்கள். நாலைந்து வருஷம் கழித்து யாரோ அவனை அங்கே ஒரு ரயில் நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். பக்கத்தில் பெண்டாட்டி, கையில் குழந்தை, கொஞ்சம் தொந்தி.

ஒட்டிலியா காசியனைக் கட்டிக்கொண்டாள். யாரும் தள்ளிவிட்டுக் கட்டிக்கொள்ளவில்லை, மனசோடுதான் கட்டிக்கொண்டாள். அவன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, அவள் போட்ட சீஸைத் தலையில் வைத்துக் கொண்டாடினான். இரண்டு மகன்களும் ஆளாகி டவுனில் வேலையில் இருக்கிறார்கள். இதையெல்லாம் அவள் குறைவாக மதிக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் மனசு கேட்காது. கால் தானாக மேல்படலுக்குப் போகும், கை கல்லைத் தேடும்.

விகில் திரும்பி வர வேண்டும் என்று அவள் ஏங்கினாள் என்று நினைத்துவிடாதீர்கள். தொந்தியோடு ஒருத்தன் வந்து நின்றால் அவளே விரட்டியிருப்பாள். அவள் ஏங்கியது ஒரே ஒரு விஷயத்துக்கு. படல் திறந்திருப்பதும், ஒருத்தி அங்கே நிற்பதும் தெரிந்தேதான் அவன் போனானா, இல்லை அது அவன் கண்ணுக்கே படவில்லையா? பார்க்காமல் போனவனை மன்னித்துவிடலாம். லாரி கிளம்பும் அவசரம், இளவயது, கைக்கெட்டிய வேலை, ஏதோ ஒன்று. பார்த்துவிட்டுப் போனவனை என்ன செய்வது? மேய்ச்சலிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே பாறை முனைகள் வரிசையாக நிற்கும், அதில் கணவாய் எது என்று கண்டுபிடிக்க முடியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் பால் கறந்துகொண்டே, ஏதோ வேறு கேள்வி கேட்பதுபோல, காசியனிடம் கேட்டாள். கணவாயிலிருந்து நம்ம படல் தெரியுமா?

"தெரியாது" என்றான் காசியன். "முன்னால பாறை மறைக்கும்."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் இருந்தாள். போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், எங்கே போவது? சுரங்கம் ஓடிய காலத்தில் பெண் காலடி அங்கே பட்டால் ஆகாது என்பார்கள். பிறகு கோடை முழுக்கக் காலையும் மாலையும் கறவை, நடுவில் சீஸ் காய்ச்சல். கோடை முடிந்தால் பனி.

இந்த வருஷம் கறவை மாடுகளை மகன்கள் விற்றுவிட்டார்கள். வீட்டு மோருக்கு ஒரு கிழட்டுப் பசுவை விட்டால், மேய்ச்சலில் பல் போடாத கிடேரிகள் மட்டும்தான். ஒட்டிலியாவுக்குப் பகலில் என்ன செய்வது என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வெரேனா வந்தாள்.

வெரேனா நடைபாதைச் சங்கத்துப் பெண். பழைய சுரங்க வழியை எடுத்துக்கட்டி, கல்லுக்குக் கல் சிவப்பும் வெள்ளையும் பூசி, ஊர்ப்பட்ட பலகை நட்டு, மலையேறுகிறவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்கள், சனிக்கிழமை மட்டுமல்ல, எல்லா நாளும். கிடேரிகள் பாறையில் ஏறின. வெரேனா ஆட்களைக் கூட்டிவந்து பழைய படலைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் வைத்த புதுப்படல் மாட்டினாள்.

"திறந்து விட்டா தானா சாத்திக்கும்மா. இனிமே உங்களுக்குக் கவலையே இல்ல."

"கல்லு வச்சா நிக்குமா?"

வெரேனா சிரித்தாள். "கல்லையும் தள்ளிட்டு சாத்திக்கும். அவ்வளவு வலு. ஆமா, எதுக்குத் திறந்து வைக்கணும்?"

கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணிடம் காரணத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒட்டிலியா வேறு பேச்சுக்குப் போனாள். மேலே பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா. கணவாயில பெஞ்சு போட்டிருக்கோம். அதுல உக்காந்தா உங்க வீட்டுப் புகைகூடத் தெரியுது, இந்தப் படலு, மதிலு, எல்லாம். நீங்க பாத்ததே இல்லையா?"

காசியன் பக்கத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அன்று ராத்திரி இரண்டு பேரும் ரொட்டி உருண்டையைச் சூப்பில் போட்டுத் தின்றார்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஒட்டிலியா சொன்னாள்.

"நாளைக்கு நான் மேல போறேன்."

"மேலன்னா?"

"கணவாய்க்கு. பெஞ்சு போட்டிருக்காங்களாம். உக்காந்து பாத்துட்டு வர்றேன்."

காசியனுடைய முட்டி இரண்டும் போன வருஷமே போய்விட்டன. கூட வருகிறேன் என்று சொல்ல முடியாது. "மத்தியானத்துக்கு மேல இடிக்கும்" என்றான். "குடை எடுத்துட்டுப் போ."

அவள் விடிந்து கிளம்பினாள். புதுப்படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அது முதுகுக்குப் பின்னால் படாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தன் மதிலுக்கு மேலே இவ்வளவு மேய்ச்சல் இருப்பதே அவளுக்குப் புதிது. மாடு மேலே ஓடினால் பிடித்துவரப் போயிருக்கிறாள், ஆனால் கண் மாட்டின்மேல் இருக்கும். இன்றுதான் தரையைப் பார்த்து நடந்தாள். சிவப்பு ரோஜாப்புதர் முழங்கால்வரை பூத்துக் கிடந்தது. கல் பாவிய வழியில் இரண்டு பள்ளக் கோடுகள் ஓடின, தாதுச் சறுக்குவண்டி இழுத்து இழுத்து விழுந்த தடம். கொழுத்த மலை அணில்கள் நிமிர்ந்து நின்று விசிலடித்துவிட்டுப் பொந்துக்குள் போயின. ஒரு பலகையில், சுரங்கத்தார் கடும் உழைப்பாளிகள், எளிய உணவை உண்டனர் என்று எழுதியிருந்தது. எளிய உணவாம். யார் ஊற்றிய மோர் என்று எழுத இவர்களுக்குப் பலகை பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போனாள்.

ஊன்றுகோலும் பளபள சட்டையுமாக ஒரு ஜோடி அவளைத் தாண்டியது. "தனியாவா ஏறுறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"கூட்டம் சேத்துட்டுப் போக இது என்ன திருவிழாவா?" என்றாள் ஒட்டிலியா. மூச்சு வாங்கியதில் கோபம் பாதிதான் வெளியே வந்தது.

மேய்ச்சல் முடிந்து பாறை தொடங்கியது. நாலு அடி வைப்பதும் நிற்பதுமாக ஏறினாள். வாரா வாரம் இந்த வழியில் ஏறி இறங்கினவர்களுக்கு ஒரு கரண்டி மோர் எப்படிப் போதும் என்று இப்போது தோன்றியது. இன்னும் ஒன்று ஊற்றியிருக்கலாம். காசியன் இன்னொரு கரண்டி கேட்டதே இல்லை.

கணவாயில் ஏறியதும் முதலில் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மண்மேடுகள், கூரை போன கொட்டகைகள், கீழே லாரி வந்து நின்றிருக்கக்கூடிய பாதை. இவ்வளவுதானா என்று இருந்தது. வயதில் பாதி நாள் இந்த இடத்தைப் பற்றி நினைத்திருக்கிறாள், நினைப்பில் அது இதைவிடப் பெரிதாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டித்துண்டை எடுத்து வாயில் போட்டு, மெல்லத் தொடங்கி, அப்புறம்தான் தைரியமாகத் தன் பக்கம் திரும்பினாள்.

தெரிந்தது. பாறையும் மறைக்கவில்லை, ஒன்றும் மறைக்கவில்லை. குடிசைக் கூரை, மதில், மதிலில் பாதை புகுகிற இடம், எல்லாம் கையை நீட்டித் தொடலாம்போல அத்தனை தெளிவாகத் தெரிந்தன. அந்தக் காலத்தில் அவள் வெள்ளைத் துணிதான் தலையில் கட்டுவாள். அது இங்கிருந்து கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை.

ஆக, பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

ஒட்டிலியா அழுதாள். யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதாள். இத்தனை சனிக்கிழமைகள் கல் தூக்கி வைத்த கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். விகில் போனதற்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக, தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, மிச்ச மோரைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, இங்கிருந்து பார்த்தால் ஒரு புள்ளியாக நின்றிருந்தவளுக்காக. யாராவது அவளிடம் வந்து சொல்லியிருக்கலாம், வீட்டுக்குப் போம்மா என்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் கவனித்தாள். மதிலில் அந்த இடம் அடைத்திருக்கவில்லை. புதுப்படலின் வெளுத்த மரம் குறுக்கே தெரிய வேண்டும். தெரியவில்லை. படல் திறந்து கிடந்தது. ஸ்பிரிங் வைத்த படல், கல்லையே தள்ளுகிற படல், எப்படித் திறந்து நிற்கும்? கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். படலை ஒட்டி ஒரு நீலப் புள்ளி இருந்தது.

நீல முன்துணி. எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் வேலை நேரத்தில் இடுப்பில் கட்டுவதுதான். அந்த நேரத்தில் ஹோல்பாக்கில் அதைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடிய ஆள் ஒருத்தன்தான். புள்ளி அசையாமல் இருந்தது. அவள் எப்போது மேலே போய்ச் சேர்ந்தாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க முடியாது. கிளம்பின நேரத்திலிருந்தே அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மிச்ச ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த நீலம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. தூரத்தில் இடி உருண்டது, மழை வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. படல் பக்கத்தில் வந்தபோது பார்த்தாள், காசியன் கன்றுக்கயிற்றைப் படலில் முடிந்து, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, பால் கறக்கிற முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ஸ்பிரிங் இழுக்கிற இழுப்புக்கு அவனும் முக்காலியும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். ஒரு கையில் குச்சி, கிடேரிகளை விரட்ட. காலடியில் பானை.

அவள் வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"பாறை மறைக்கும்னு சொன்னியேய்யா."

"சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

காசியன் குச்சியால் புல்லைக் கிளறினான். "தெரியும்னு சொன்னா, அவன் பாத்துட்டுத்தான் போனான்னு ஆயிடும். நீ தாங்க மாட்டன்னு நெனச்சேன்." பிறகு, "தெரியும்னு சொன்னா நான் பாத்ததையும் சொல்லணும்" என்றான்.

"நீ எதைப் பாத்த?"

"சனிக்கிழமை சனிக்கிழமை அங்கன உக்காந்துதான் பாப்பேன். வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். எல்லாரும் இறங்கிருவாங்க. நான் பாத்துட்டே இருந்துட்டுக் கடைசியில எந்திரிப்பேன். எனக்கும் பின்னால அவன் ஒருத்தன் இருப்பான்."

ஒட்டிலியா அவனையே பார்த்தாள். நாற்பது ஐம்பது வருஷமாக ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பானையில் தின்று, இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு சனிக்கிழமை இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. மேலே வந்த அழுகை இன்னொரு முறை வந்தது. ஆனால் இது வேறு ஆளுக்கான அழுகை.

"அன்னிக்கு அவன் வரமாட்டான்னு உனக்குத் தெரியுமா?"

"அவன் பெட்டி அவன் கையில இல்ல. லாரில ஏத்திட்டான்னு தெரிஞ்சுபோச்சு. நீ முன்னால போ, வர்றேன்னான்."

"அப்புறம் ஏன்யா இருக்குன்னு சொன்ன? நான்தான் கடைசின்னு சொல்லி அன்னிக்கே சாத்தியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் ஆசை" என்றான் காசியன். "எத்தனை வருஷ ஆசை. ஆனா நான் திரும்பிப் பாத்தப்ப அவன் இன்னும் மேலதான நின்னான். மேல ஒருத்தன் நிக்கும்போது எப்படிச் சொல்றது?"

கயிறு இழுத்ததில் முக்காலி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. காசியன் காலை ஊன்றிச் சரிசெய்துகொண்டான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, ஒரு நாளும் அவன் கேட்டிராத கேள்வியைக் கேட்டான்.

"பின்னால ஆள் இருக்கா?"

ஒட்டிலியா திரும்பி மேலே பார்த்தாள். இப்போது அவளுக்குக் கணவாய் எது என்று தெரிந்தது, இடமிருந்து மூன்றாவது பாறை முனைக்கும் நான்காவதுக்கும் நடுவில். அங்கே ஒன்றுமில்லை, மேகம்தான் போய்க்கொண்டிருந்தது. நிதானமாகப் பார்த்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இல்ல. நான்தான் கடைசி."

குனிந்து அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். ஸ்பிரிங் தானாகவே சாத்திவிடப் பார்த்தது. அதற்கு விடாமல் கழியைப் பிடித்துக்கொண்டு, தன் கையாலேயே மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

காசியன் பானையை அவள் பக்கம் நகர்த்தினான். "அப்ப மிச்ச மோரு உனக்குத்தான்" என்றான். "உக்காரு. பேசலாம்."